வெளிக்காவலர்

இரண்டாம் சனிக்கிழமை, மாலை ஆறரை.
பதிவேட்டில் பெயர்களை எழுதுகிறேன்.
வந்தோர் பதினொருவர். வர இயலாதோர் நால்வர்,
எதிரே காரணம்: வெளியூர், காய்ச்சல், பேத்தி சடங்கு, வெளியூர்.
ஞானாதிக்கம்,
உன்னை எந்தப் பத்தியில் எழுத?

கும்பகோணத்தில் மூடிப்போன வங்கியின் மாடி.
ஃப்ரீமேசன் என்றால்
மண்டையோடு வைத்திருப்பீர்களாமே என்கிறார்
கீழே பாத்திரக்கடைக்காரர்.
இருப்பதெல்லாம் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட விரிப்பு,
ஒரு மூலைமட்டம், ஒரு கவராயம்,
ஐப்பசியில் ஒழுகும் கூரைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி.

பதினாறு வருடம் நீ கதவுக்கு வெளியே நின்றாய்
உருவிய வாளோடு.
சுவாமிமலைப் பட்டறையில் அடித்த வாள்,
வெண்ணெய்கூட வெட்டாது.
பகலெல்லாம் அதே கையைப்
பசுவின் கருவறைக்குள் தோள்வரை விட்டிருப்பாய்.
மூன்று தட்டல் கேட்குமுன்பே
உன் டெட்டால் வாசனை உள்ளே வந்துவிடும்.
பதவி மாற்றிக்கொள்ளலாம், உள்ளே வந்து உட்காரேன் என்றால்
"வெளியிலதாண்டா காத்து" என்பாய்.

பூட்டிய கதவுக்குள் என்னதான் செய்கிறீர்கள் என்று
அமலோற்பவம் கேட்டபோதெல்லாம்
"வரவு செலவு படிப்போம், அப்புறம் பிரியாணி."
பொய் இல்லை. முழுக்க உண்மையும் இல்லை.
நேற்று அவர் மறுபடி கேட்டார், என்னிடம்.
நானும் அதையே சொன்னேன்.
முதல்முறையாக அதற்குச் சிரித்தார்.

பங்குத்தந்தை நல்ல மனிதர்.
தயங்கித் தயங்கித்தான் சொன்னார்:
ஏப்ரனோடு கோயிலுக்குள் வேண்டாமே.
துளசிராம், ரவூஃப் மரைக்காயர், பத்திர எழுத்தர் கலியமூர்த்தி, நான்,
வெள்ளை ஏப்ரனும் வெள்ளைக் கையுறையுமாக
ஆடி வெயிலில் கேட்டுக்கு வெளியே.
ஒரு பெண்மணி நெருங்கி வந்து
"சாப்பாடு எத்தனை மணிக்குத் தம்பி?" என்றார்.
நீ கேட்டிருக்க வேண்டும் அதை.
உள்ளே பூசை நடந்தது.
உள்ளே நீ இருந்தாய்.
எங்களுக்கு வாள்கூட இல்லை.

குழியில் போட ஒரு வேலங்கிளை வேண்டும், அது முறை.
"சீமைக்கருவேலத்தை மட்டும் போட்டுடாதீங்கடா,
எழுந்து வந்து திட்டுவேன்" என்று
ஒவ்வோர் இரங்கல் கூட்டத்திலும் எச்சரித்தவன் நீ.
விடியலில் துளசிராமின் மொபெட்டில்
அரசலாற்றுக் கரையோரம் பத்து மைல் தேடினோம்.
எங்கும் சீமை. சீமை. சீமை.
புதுத்தண்ணீர் முழங்கால் அளவு வந்திருந்தது,
நுரையும் செருப்பும் சுமந்துகொண்டு.
கடைசியில் கிடைத்தது
உன் மருத்துவமனைக்குப் பின்னால்,
ஆடுகள் எட்டாத உயரத்தில் ஒரு நாட்டுக்கருவேலம்.
முள் கிழித்தது. கையுறையில் இன்னும் கறை இருக்கிறது.
தந்தை ஜெபம் முடித்துப் போனபின்
ஒவ்வொருவராகப் போட்டோம்.

தஞ்சாவூரில், அந்தக் கடைசி இரவில்,
மூக்கில் குழாய், பேச்சு நின்றுவிட்டிருந்தது.
நர்ஸ் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போனதும்
என் கையைத் தேடிப் பிடித்தாய்.
நாம் பிடிக்கும் அந்தப் பிடி.
எந்த விரல், எந்தக் கணுவில், எத்தனை அழுத்தம் என்று
சொல்ல எனக்கு அனுமதியில்லை.
அமலோற்பவத்திடமும் சொல்லவில்லை.
அதற்கொரு பதில் பிடி உண்டு.
கொடுத்தேன். உனக்குத் தெரிந்ததா?

மூன்று தட்டல். யாரோ புதியவர்,
இடைவெளி சரியாக விழவில்லை.
தலைவர் என்னைப் பார்க்கிறார், பதிவேடு முடிந்ததா என்று.
வராத மாதங்களிலெல்லாம்
நீ சொல்லி அனுப்பும் காரணம் ஒன்றுதான்.
பெயரை எழுதுகிறேன்.
எதிரே எழுதுகிறேன்:
கன்று ஈனல், நாச்சியார்கோயில்.